மணியின் மேல் ஒரு கழுதை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், எதற்கெடுத்தாலும் "காத்திருப்போம்" என்று சொல்லுகிற ஒரு மனுஷனுக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணத்தன்று கோவிலில் குருவானவர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே நான் "சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். அவரோ, கேள்வி முடிந்து, குருவானவர் ஒரு தடவை தொண்டையைச் செருமி, அப்புறம்தான் சொன்னார். அந்தச் செருமலுக்காக நான் பல வருஷம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். நிதானமாகச் சொன்னால்தான் அது வாக்கு என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கோபம் மட்டும் போகாது.

அவர் ராஜபாளையத்தில் உபதேசியார். குருவானவர் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாதத்தில் ஒரு ஞாயிறு மாட்டுவண்டி கட்டி வந்து எங்களுக்கு நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் சபையைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் பாடு. சபை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓலை வேய்ந்த ஒரு ஜெபவீடு, சாணம் மெழுகின தரை, ஆண்களுக்கு ஒரு பக்கம் பாய், பெண்களுக்கு ஒரு பக்கம் பாய். வருகிறவர்கள் பருத்திக் காட்டுக்கும் நாற்று நடவுக்கும் போகிறவர்கள். ஒருவர் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ஆராதனை எப்போது தொடங்கும் என்று கேட்டால், உபதேசியார் வாசலில் வந்து கூப்பிடும்போது என்பார்கள்.

அதுதான் வினையாயிற்று. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் இரைப்பு உண்டு. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் விடியுமுன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிடுவார். அதிலும் எங்கள் சபையாருக்கு ஒரு வழக்கம். கூப்பிடாமல் யாரும் படி இறங்க மாட்டார்கள். கல்யாண வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தானே போவோம், அதுபோல. ஒரு வீட்டில் இரண்டு தடவை கூப்பிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போச்சு, அந்த வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாங்க என்ன அம்புட்டு எளப்பமா என்று அவருடைய பெண்சாதி குழாயடி இல்லாத அந்தக் காலத்தில் கிணற்றடியில் வைத்து என்னிடம் கேட்பாள்.

வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா என்பீர்கள். நானே ஒரு ஞாயிறு போனேன். நான் கூப்பிட்ட கூப்பாட்டில் நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. ஒரு வீட்டில் நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டுக்காரர் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். அன்றோடு அந்த வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

கூப்பிட்டு முடித்துத் திரும்பி வரும்போது அவருடைய நெஞ்சு கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கும். அந்த மூச்சோடுதான் பிரசங்கம். "பிரியமானவர்களே" என்று தொடங்குவார். கதை நடுவில் போகும்போது மூச்சு அடைக்கும். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிடுவார். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன இளைய மகன் எங்கள் ஊரில் பன்றி மேய்க்கிறதோடு நின்றுவிட்டான். மீன் விழுங்கின தீர்க்கதரிசி மீனுக்குள்ளேயே கிடந்தார். சபைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறும் முன்னே வீடு போய்ச் சேரலாமே. நம்ம உபதேசியார் மாதிரி சுருக்கமாகப் பேச ஆள் கிடையாது என்று வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் படுக்க முடியாது அவருக்கு. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். நான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி முதுகில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. யார் வீட்டு வாசலிலாவது கூப்பிட்ட வாய் மூடாமல் விழுந்துவிடுவார், என்னிடம் வந்து சொல்லுவார்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் பயந்தேன். பயம் வந்தால் எனக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும். ஆகவே திட்டினேன். சபையை, ஓலைக் கூரையை, வறுத்த உப்பை, எல்லாவற்றையும் திட்டினேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு கனவு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மணி அடிக்க வேண்டும். அடிக்கும்போது இந்த மனுஷன் பாயில் கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலில் கப்பலில் வந்த மணி ஒன்று இருந்தது. அங்கே போகிறபோதெல்லாம் நான் அதை அண்ணாந்து பார்ப்பேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் பொறாமை என்று முடிவு கட்டிக்கொண்டார். ஊர்ப் பெருமை நமக்கு எதுக்கு என்பார். நான் மறுக்கவில்லை. உங்கள் நெஞ்சுக்காகத்தான் மணி என்று சொன்னால், நெஞ்சைக் கொடுத்தவர் பார்த்துக்கொள்வார், காத்திருப்போம் என்று சொல்லி அதோடு முடித்துவிடுவார். பொறாமைக்காரி என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் சபைகளை நடத்துகிற மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டோம். சமயம் வரும்போது பார்க்கலாம், அதுவரை காத்திருக்கவும் என்று பதில் வந்தது. அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே கிளம்பிவிட்டேன். எங்கள் பெண்களுக்குள்ளே பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு, மாதக் கடைசியில் ஜெபவீட்டுக்குக் கொண்டுவருவோம். அந்த அரிசியை வெண்கல வேலை செய்கிற கன்னாருக்குக் கூலியாகக் கொடுத்து மணி வார்க்கலாமா என்று குருவானவரிடம் கேட்டேன். நடக்கவா போகிறது என்ற தைரியத்தில் அவர் சரி என்று தலையாட்டிவிட்டார். அரிசிக்கு வழியாயிற்று. வெண்கலத்துக்கு வீடு வீடாகப் போனேன். ஓட்டை விழுந்த கும்பா வந்தது, மூக்கு உடைந்த செம்பு வந்தது, ஒற்றைத் தாளம் வந்தது. ஒரு மருமகள் தன் மாமியாருடைய வெற்றிலைப் படிக்கத்தைக் கொண்டுவந்து முழு மனசோடு காணிக்கை போட்டாள். மறுநாள் காலையில் மாமியார் வாயில் எச்சிலை அடக்கிக்கொண்டு, பேச முடியாமல், என் வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்தில் கடை வைத்திருந்த ராவுத்தர், சரக்கு எடுக்க வாரம் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி விடுவார். அந்த வண்டியில் மூட்டையோடு மூட்டையாக நானும் போய் இறங்கினேன். மடவார் வளாகத்தில் சிவன் கோயிலை ஒட்டி ஒரு கன்னார் இருந்தார். மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு வெண்கலம் வார்க்கிற வேலை. அவருடைய கையில் விளையாத மணி அந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. நான் கொண்டுபோன ஓட்டை உடைசலை எல்லாம் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சிவன் கோயில் மணின்னா மேல நந்தி வைப்போம் தாயி. பெருமா கோயில்னா கருடன். ஒங்க சாமிக்கு வாகனம் என்ன?"

வாகனம் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அறிவுள்ள எந்தக் கிறிஸ்தவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் உபதேசியார் பெண்சாதியிடம் ஒருவர் ஆண்டவரைப் பற்றி வாய் திறந்து கேட்கிறார். தெரியாது, கிடையாது என்று சொல்லிவிட்டு வர முடியுமா? ஆண்டவர் எருசலேமுக்குள் வந்தது கழுதை மேல்தான் என்று சொன்னேன். கன்னாருடைய கை நின்றுவிட்டது. கழுதையா என்று கேட்டார். கழுதைதான், அதுவும் இரவல் கழுதை என்றேன். ராஜா எதற்கு இரவல் கழுதையில் வரவேண்டும் என்று கேட்டார். நான் வசமாக உட்கார்ந்துகொண்டு, ஜனங்கள் குருத்தோலை பிடித்தது, மரக்கிளை வெட்டிப் போட்டது எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணெடுக்காமல் கேட்டார். பந்தா இல்லாத சாமி என்று மெச்சினார். வீட்டுக்கு வந்து, ஒரு கன்னாருக்குச் சுவிசேஷம் சொல்லிவிட்டு வந்தேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு தொடங்கியது. காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரு கன்னாரிடம் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் மெழுகு நல்லதாக அமையவில்லை. பிறகு ஆடிப்பூரத் தேர் வந்துவிட்டது, ஊரே தேர் பின்னால் போயிற்று. பிறகு அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம். பிறகு மழை, பூசின மண் காயவில்லை. ஒவ்வொரு தடவையும் மூட்டைகளோடு போய் இறங்குவேன். பொறவு வாங்க தாயி என்பார். ஏறி வருவேன். வருகிற வழியெல்லாம் ராவுத்தர் எனக்குப் பொறுமையைப் பற்றி எடுத்துச் சொல்லுவார். வீட்டில் ஒருத்தர் போதாது என்று வண்டியிலும் ஒருத்தர்.

மழைக்காலம் வந்ததும் என் வீட்டுக்காரருக்கு இரைப்பு அதிகமாயிற்று. ஒரு ஞாயிறு கூப்பிடப் போன இடத்தில் ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்த ஞாயிறும் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். நான் கதவை மறித்து நின்றேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டார்களே என்று சொல்லி, என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஜெபிக்கிற விதம் அந்த நாட்களில்தான் மாறியது. மணிக் கனவைத் தொடங்கினபோது முழங்காலில் நின்று, முக்காடு போட்டு, முறையாக ஜெபித்தேன். பிறகு அம்மியில் அரைத்துக்கொண்டே ஜெபித்தேன். கடைசியில் அது ஜெபமாகவே இல்லை, வாய்ச்சண்டையாகிவிட்டது. உமக்குக் காது கேட்கிறதா இல்லையா, இந்த மனுஷன் நெஞ்சு கீச்சிடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறதே, பரலோகத்துக்குக் கேட்கவில்லையா என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. இனி உம்மோடு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போவேன். மறுநாள் அடுப்புப் பற்றவைக்கும்போது மறுபடி நானே போய்ப் பேச்சைத் தொடங்குவேன். முன்பெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால்தான் ஆண்டவரை நினைப்பேன். அந்த வருஷம், திட்டுவதற்காகவாவது அவரிடம் போய் நிற்காமல் ஒரு பொழுது விடியவில்லை. விசுவாசம் என்று பெரியவர்கள் சொல்லுவது இதுதானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்த விதம் இப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராவுத்தர் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வண்டிக்குள் வைக்கோல் மூடி ஏதோ இருந்தது. ராவுத்தர் இறங்கவில்லை. என்னை முதலில் உட்காரச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்து வைக்கோலை இழுத்துப் போட்டேன்.

மணி பழுத்த எலுமிச்சை நிறத்தில் பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒரு கழுதை இருந்தது. நந்தி மாதிரி முன்னங்காலை மடக்கி, இரண்டு காதையும் நிமிர்த்தி, நெற்றியில் பட்டம் கட்டி, மோவாயைத் தூக்கிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தது. கழுத்தில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றைப் பற்றிக் கன்னார் சொல்லி அனுப்பியதை ராவுத்தர் முகத்தில் சிரிப்பு வராமல் சொன்னார். இரவல் கழுதை என்று அம்மா சொன்னார்களாம், அவிழ்த்துக்கொண்டு வந்தது தெரிய வேண்டும் என்று கயிற்றையும் போட்டிருக்கிறாராம். அதற்குத் தனிக் கூலி வேண்டாமாம்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கம்போல நிதானமாகக் கேட்டார்.

"ஏட்டி, நீ கன்னாருக்குச் சொன்ன சுவிசேசம் இதுதானா?"

பிறகு சிரிக்கத் தொடங்கினார். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகி, நானும் ராவுத்தரும் அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில் நான் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன், கழுதையை உடைத்துப் போட. ராவுத்தர் மணியைக் கட்டிக்கொண்டு தடுத்தார். மணியைத் தொங்கவிடுகிற வளையமே கழுதையின் முதுகில்தான் இருந்தது. கழுதை போனால் வளையம் போகும். வளையம் போனால் மணியை மடியில் வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். குழவியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் குருவானவர் வருகிற ஞாயிறு. ஜெபவீட்டுக்கு முன்னால் இருந்த வேப்பமரக் கிளையில் மணியைக் கட்டி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினோம். மூடி என்ன பிரயோஜனம்? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிறு விடியும்போது வேப்பமரத்தடியில் ஒரே கூட்டம். தெலுங்கு பேசுகிற அண்டை வீட்டுப் பெண்கள் "காடித, காடித" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு, அவர்கள் பாஷையில் கழுதைக்கு அதுதான் பெயர், சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ராவுத்தர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் சபையார் மட்டும் ஒருவர்கூட வரவில்லை. கூப்பிடாமல் எப்படி வருவது என்று அவரவர் வீட்டில் குளித்துத் தலைசீவி உட்கார்ந்திருந்தார்கள்.

மணி வண்டி ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு, அதைப் பிரதிஷ்டை பண்ண வேண்டும் என்று குருவானவர் அன்று இருட்டோடேயே கிளம்பி, விடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். சிரிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சாக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். இது வாகனம் அல்லவா, இதை ஜெபவீட்டில் தொங்கவிட முடியுமா என்றார். ஆண்டவர் கழுதையில் வந்தாரா இல்லையா என்று நான் கேட்டேன். வந்தார், அதற்காகக் கழுதைக்கு மணிமேல் இடம் கொடுக்கச் சொல்லவில்லை என்றார். கூட்டம் சிரித்தது. அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மணி கன்னாரிடம் திரும்பிப் போகட்டும், உருக்கி மறுபடி வார்க்கட்டும், அதுவரை காத்திருங்கள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, வழக்கம்போல் போய்ச் சபையாரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

எனக்கு அடக்க முடியவில்லை.

"அவியளப் போகச் சொல்லாதிய ஐயா. ஊருப் பெருமைக்கா நான் மணி கேட்டேன்? அவிய மூச்சுக்குக் கேட்டேன். இன்னொரு மழக்காலம் அந்த நெஞ்சு தாங்காது. கழுத இருந்தா என்ன, குதிர இருந்தா என்ன?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். குருவானவர் சொல்லைத் தட்டத் தெரியாத மனுஷன், நடக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் தெருவில் அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒரு வீடு, பிறகு ஒரு இருமல். இன்னொரு வீடு, நீளமாக ஒரு இருமல். பிறகு குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. குருவானவர் எப்போதும் வெயில் ஏறி, எல்லாரும் கூடி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை விட்டு இறங்குவார். இதை அவர் கேட்டதே இல்லை. இரண்டாவது தெரு திரும்பும்போது குரல் நின்றுவிட்டது. ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் திசையில் ஓடினார். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுதானா, இதற்குத்தானா என்னை இத்தனை நாள் காக்கவைத்தீர் என்று ஆண்டவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குருவானவர் என்னிடம் ஞாயிறுதோறும் இப்படித்தானா என்று கேட்டார். இப்படித்தான் என்றேன். அவர் தோளில் கிடந்த வெள்ளை அங்கவஸ்திரத்தை எடுத்தார். கழுதையைக் காது முதல் வால் வரை அதனால் மூடி, நன்றாகச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு தன் கையாலேயே மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

அந்த மணியின் நாதத்தைப் பற்றி என்ன சொல்ல? ஓட்டைக் கும்பாவும் மூக்குடைந்த செம்பும் சேர்ந்து அப்படிப் பாடும் என்று யார் கண்டது. மேற்கே மலை வரைக்கும் போய்த் திரும்பியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எங்கள் சபைப் பெரியவர் ஒருவர்தான் முதலில் வந்து சேர்ந்தார். மரத்தடியில் நின்று, அங்கவஸ்திரம் போர்த்திய கழுதையை மேலும் கீழும் பார்த்தார். பரம பக்தியோடு கைகூப்பிச் சொன்னார்.

"சரியாத்தான் செஞ்சிருக்கிய ஐயா. ஆண்டவரு ஏறி உக்கார, அவரு சீஷமாரும் அவிய துணியத்தான எடுத்துக் கழுத மேல போட்டாக."

குருவானவர் கயிற்றை விட்டுவிட்டார். அவருடைய மீசை ஆடியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பை ராஜபாளையத்தில் அதற்கு முன்பும் யாரும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மணி திரும்பிப் போகிற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை. அங்கவஸ்திரத்தையும் திருப்பிக் கேட்கவில்லை.

சபையார் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை அடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்றதும் முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்தார். கடைசியில் ராவுத்தர் தோளைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் வந்தார். ஒரு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாராம். மணிச் சத்தம் கேட்டதும் எழுந்தாராம். என் பக்கத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, நான் பெருமைக்குக் கேட்கிறேன் என்றல்லவா நினைத்தேன் என்றார். நினைத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பாவிட்டால் அழுதிருப்பேன்.

அடுத்த ஞாயிறு விடியலில் அவரை எழுந்திருக்க விடவில்லை. நான்தான் போய் மணியை அடித்தேன். வந்து பார்த்தால் பாயில் கால் நீட்டிப் படுத்து, கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மனுஷன் பிரசங்கத்துக்கு எழுந்து நின்றது விடியலில் ஒரு வாசலிலும் போய்க் கூப்பிடாத முழு மூச்சோடு.

சபை எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது, தாண்டிப் போனார். ஆசீர்வாதத்துக்கென்று தலை குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வெயில் ஓலை இடுக்கு வழியாகப் பாய்க்கு வந்தது. குழந்தைகள் அழுதன, தூங்கின, எழுந்து மறுபடி அழுதன. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னை முறைத்தார்கள். காத்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எங்கள் சபை முழுவதற்கும் விளங்கியது.

அவர் சொல்லிக்கொண்டிருந்தது, நியாயம் கேட்டு ஒரு நியாயாதிபதியிடம் போய்ப் போய் நின்ற விதவையின் கதை. அவன் துரத்தத் துரத்த அவள் போனாளாம். தொந்தரவு தாங்காமல் கடைசியில் அவன் கொடுத்துவிட்டானாம். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நான் இத்தனை காலம் உங்களுக்குச் சொல்லிவிட்டேன், அவள் காத்திருந்தது வாசலில் நின்று கத்திக்கொண்டுதான் என்றார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது. கல்லு மாதிரி எதிரில் நின்றுகொண்டு, கட்டின பெண்சாதியை யாராவது விதவைக்கு ஒப்பிடுவார்களா? வீட்டுக்கு வரட்டும், கேட்கிறேன் என்று நினைத்தேன்.

நினைத்த மாத்திரத்தில்தான் எனக்கு உறைத்தது. விதவை என்கிற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானே ஒவ்வொரு ஞாயிறும் உப்பு வறுத்தேன். அந்தச் சொல்லைத்தான் இவர் இப்போது இருமாமல், திணறாமல், ஜெபவீட்டுக்கு வெளியே போகிறவனுக்கும் கேட்கும்படி கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவள் என் முழங்கையை இடித்து, செத்த நேரத்தில் முடித்துவிடுவாரா என்று கேட்டாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசட்டும், உனக்கு என்ன அவசரம் என்றேன்.